ஆர்வலர் கண்ட உலகம்

மலாக்கா மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பழைய படத்தொகுப்புகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றை விரைவில் உணர்வர். மணக்கோலத்தில் மணமக்கள் நிற்பர். பிறந்தநாள் கண்ட குழந்தை உயர்ந்த நாற்காலியில் மருண்ட விழிகளோடு அமர்ந்திருக்கும். கோட்டு அணிந்த பெரியவர் ஒருவர், திரைச்சீலையில் தீட்டிய மாளிகைப் படிக்கட்டின் முன் கைத்தடியோடு விறைப்பாக நிற்பார். இவை யாவும் பட்டணத்து ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட படங்கள். அந்தப் பெரியவர் மாளிகையில் வாழ்ந்தவர் அல்லர். லயத்து வீட்டில் வாழ்ந்தவர். அந்தக் கோட்டும் அவருடையதாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

அவர் நாள்தோறும் விடியுமுன் நின்ற பிரட்டுக்களம் எங்கே? அவர் மனைவி காண்டா வாளி சுமந்து நடந்த செம்மண் பாதை எங்கே? கித்தா மரத்தின் வெட்டுக்கோடு வழியே பால் வடிந்து மங்கில் நிறைந்த காட்சி எங்கே? ஆயாக் கொட்டகையில் ஏணைகள் ஆடிய வரிசை எங்கே? நான்கு வகுப்புகள் ஒரே கூரையின்கீழ் ஒலித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி எங்கே? இவற்றைக் காட்டும் படங்கள் அந்தத் தொகுப்புகளில் அரிதாகவே கிடைக்கும். கேமரா விலை மிகுந்த பொருளாக இருந்த காலம் அது. படம் என்பது சடங்குக்கு உரியது. அன்றாடம் படத்துக்கு உரியதன்று என்பதே மக்களின் எண்ணமாக இருந்தது. சிறப்பு நாள்கள் காகிதத்தில் நின்றன. எஞ்சிய முந்நூற்று அறுபது நாள்களும் நினைவில் மட்டுமே தங்கின. நினைவோ, உடையவரோடு சேர்ந்தே மறைவது.

இன்று லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. கித்தாக் காடுகள் செம்பனைக் காடுகளாயின. செம்பனை நின்ற நிலங்களிலும் பல வீடமைப்புப் பகுதிகளாயின. தாத்தா வாழ்ந்த இடம் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளை கேட்டால், காட்டுவதற்கு ஒரு படமும் இல்லாத குடும்பங்கள் எத்தனை! இந்த இழப்பை எண்ணும்போதுதான், ஊதியம் கருதாது, எவருடைய ஏவலும் இல்லாது, தம் உள்ளம் விரும்பியவற்றைத் தேடித் தேடிப் படம் எடுக்கும் ஆர்வலரின் அருமை விளங்குகிறது.

ஆர்வமும் தொழிலும்

தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்தால் மட்டும் ஒரு கலையைப் பயில்பவரை ஆங்கிலேயர் 'அமெச்சூர்' என்பர். அன்பு செய்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது. நாளடைவில் அச்சொல்லுக்குத் 'தேர்ச்சி குறைந்தவர்' என்னும் தாழ்ந்த பொருளும் வந்து சேர்ந்தது. தமிழில் 'ஆர்வலர்' என்னும் சொல்லுக்கு அந்த இழுக்கு நேரவில்லை. திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் ஆர்வலர் என்றால் அன்புடையவர் என்றே பொருள். அன்பு காரணமாக ஒன்றைச் செய்பவர் ஆர்வலர். நிழற்படக் கலைக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது.

தொழில்முறைக் கலைஞர் பிறர் கேட்பதை எடுக்கிறார். மணமகன் வீட்டார் கேட்டால் மணவறை. நாளிதழ் கேட்டால் கூட்டம். வணிகர் கேட்டால் பொருள். அதில் குறை ஏதும் இல்லை. ஆயினும், எவரும் கேட்காத பொருள்கள் உலகில் மிகப் பல உள்ளன. பழைய கடையின் மரப்பலகைக் கதவை எவர் கேட்பர்? காலை ஏழு மணிக்குப் பேருந்துக்காகக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளின் முகத்தை எவர் விலை கொடுத்து வாங்குவர்? கேட்பார் இல்லாத பொருள்களுக்கு ஆர்வலரே புகல். பயணம், கட்டடம், நகரவாழ்வு என்னும் மூன்று துறைகளில் ஆர்வத்தின் ஆற்றலைக் காட்டிய மூவரை இங்கு நினைப்பது பொருந்தும்.

கடல் கடந்த தமிழர்

முதலாமவர் அ. கருப்பன் செட்டியார். ஏ. கே. செட்டியார் என்றே தமிழுலகம் அவரை அறியும். 1911ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். இளமையில் இரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் ஜப்பானுக்குச் சென்று தோக்கியோவிலும், அமெரிக்காவுக்குச் சென்று நியூயார்க்கிலும் நிழற்படக் கலையை முறையாகப் பயின்றார். அக்காலத் தமிழ் இளைஞர் கடல் கடந்தால் வணிகத்திற்கோ, சட்டமோ மருத்துவமோ பயில்வதற்கோ செல்வதே வழக்கம். படம் எடுக்கக் கற்பதற்காகக் கீழ்த்திசைக்கும் மேல்திசைக்கும் சென்ற தமிழர் அரியர்.

கற்ற கலையைக் கொண்டு அவர் ஸ்டூடியோ நடத்திப் பொருளீட்ட முற்படவில்லை. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அவருடைய வாழ்க்கையை, உண்மையான படத்துண்டுகளைக் கொண்டே ஒரு திரைப்படமாகத் தொகுத்தால் என்ன என்பதே அவ்வெண்ணம். எவரும் அவரைக் கேட்கவில்லை. எந்த அரசும் பணம் தரவில்லை. இந்தியா வெள்ளையர் ஆட்சியில் இருந்த காலம். காந்தியடிகளைப் பற்றிய படம் என்றால் தடை வருமோ என்ற அச்சம் உடன் நிற்கும் காலம். ஆயினும் அவர் ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுகளில் நூறு கேமராக்காரர் எடுத்திருந்த 50,000 அடி நீளமுள்ள படச்சுருளைத் தேடித் திரட்டினார். 1940ஆம் ஆண்டு அப்படம் தமிழ் விளக்கவுரையோடு வெளிவந்தது.

இது தனிமனிதர் ஒருவரின் சொந்த முயற்சி என்பதை மாணவர் நெஞ்சில் நிறுத்த வேண்டும். பெரிய செயல்கள் யாவும் பெரிய நிறுவனங்களால்தாம் ஆகும் என்று எண்ணுவோர்க்கு இவ்வரலாறு நல்ல மறுமொழி.

ஏ. கே. செட்டியார் எழுதிய பயண நூல்களின் பெயர்களே அவர் கால் பதித்த நிலங்களைச் சொல்லும். 'உலகம் சுற்றும் தமிழன்', 'மலேயா முதல் கனடா வரை', 'கரிபியன் கடலும் கயானாவும்' என்பன அவற்றுள் சில. சென்ற இடமெல்லாம் அவர் கோபுரங்களையும் அருவிகளையும் மட்டும் கண்டு திரும்பியவர் அல்லர். கரும்புத் தோட்டத்திற்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று கண்டார். தோட்டத்து வாழ்வை அறிந்த மலேசியத் தமிழ் வாசகருக்கு அந்தப் பக்கங்கள் தம் வீட்டுக் கதை போலவே தோன்றும். 1943ஆம் ஆண்டு தொடங்கிய 'குமரி மலர்' இதழை, 1983ஆம் ஆண்டு மறையும் வரை அவர் நடத்தி வந்தார். அவ்விதழில் பழைய ஆவணங்களையும் அரிய கட்டுரைகளையும் தேடி எடுத்து மறுபடி அச்சிட்டார். படம் எடுப்பதும் பழையதைப் பாதுகாப்பதும் அவருக்கு ஒரே பணியின் இரு பகுதிகள்.

ஆனால் இவ்வரலாற்றில் வருந்தத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. இத்துணைப் பாடுபட்டுத் தொகுத்த அப்படத்தின் தமிழ் வடிவம் பேணுவார் இன்றி மறைந்தது. பிற்காலத்தில் ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலால், அதன் ஆங்கில வடிவத்தின் படி ஒன்று அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. ஓர் இலட்சம் மைல் அலைந்து திரட்டிய செல்வத்தைக் காக்க ஒரு பெட்டியும் ஓர் அறையும் தமிழ்நாட்டில் இல்லாமற் போயின. எடுப்பது பாதி, காப்பது மறுபாதி. இதனை மறந்தால் முதற் பாதியும் வீணே.

கல்லில் கண்ட கலை

இரண்டாமவர் தமிழர் அல்லர். ஆனால் தமிழ்நாட்டுக் கோவில்களைப் படம் எடுத்த முன்னோடிகளுள் முதன்மையானவர். லின்னேயஸ் டிரைப் என்னும் அவர் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் அதிகாரி. 1850களின் தொடக்கத்தில், விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது விருப்பத்தால் நிழற்படக் கலையைக் கற்றுக்கொண்டார். 1854ஆம் ஆண்டின் இறுதியில் மைசூர்ப் பகுதியின் ஹளேபீடு, பேலூர் ஆகிய ஊர்களின் சிற்பக் கோவில்களைத் தம் விருப்பத்தின் பேரில் படம் எடுத்தார். அப்படங்கள் 1855ஆம் ஆண்டு சென்னைக் கண்காட்சியில் பாராட்டப் பெற்றன. அதன் பின்னரே அரசு அவரை அழைத்தது. அவ்வாண்டே பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்றார்; பின்பு சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். ஆர்வலரின் சொந்த முயற்சி முன்னே நடந்தது. அரசின் ஆணை பின்னே வந்தது.

1857ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1858ஆம் ஆண்டின் முற்பகுதி வரை திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என அவர் சுற்றிவந்தார். அந்நாளைய கேமரா தோளில் மாட்டும் சிறு பெட்டியன்று. மெழுகு ஏற்றிய பெரிய தாளே நெகட்டிவாகப் பயன்பட்டது. தாளுக்கு மருந்து பூசி உலர்த்த வேண்டும். ஒளி படச்செய்து நெடுநேரம் காத்திருக்க வேண்டும். பின்னர் இருட்டில் கழுவ வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில், மாட்டுவண்டிப் பயணத்தில் இவற்றையெல்லாம் செய்ய எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவர் செய்தவற்றுள் வியக்கத்தக்க ஒன்று தஞ்சையில் நிகழ்ந்தது. இராசராசன் எடுப்பித்த பெருவுடையார் கோவிலின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. அவற்றின் ஒரு பகுதியை வரிசையாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கினார். கல்வெட்டாய்வாளர் ஹூல்ஷ் அக்கோவிலின் கல்வெட்டுகளைப் படித்து நூலாக வெளியிடத் தொடங்கியது 1890களில்தான். எழுத்தின் பொருளை அறியாத ஒருவர், அது காக்கப்பட வேண்டியது என்பதை மட்டும் அறிந்து, அதற்கு மூன்று பத்தாண்டுகளுக்கு முன்பே படியெடுத்து வைத்தார்.

மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையையும் அவர் படம் எடுத்தார். அது பழுதுபார்க்கப்படுவதற்கு முன்னைய நிலை அது. சிதைந்த நிலையில் அது எவ்வாறு இருந்தது என்பதை இன்றும் கண்ணாற் காணலாம் எனில், அதற்கு அப்படங்களே காரணம். செலவு மிகுதி என்று கருதிய ஆளுநர் 1859ஆம் ஆண்டு அப்பணியை நிறுத்தினார். அதன்பின் டிரைப் படம் எடுத்தது மிகக் குறைவே. ஆட்சியாளரின் கணக்குப் புத்தகத்தில் வீண்செலவாகத் தோன்றியது, பின்னாளில் வரலாற்றின் கருவூலமாயிற்று.

மலாக்கா நகரம் கட்டடங்களைப் படம் எடுக்க விரும்புவோருக்குத் திறந்து வைத்த பாடநூல். போர்த்துக்கீசியர் 1511இல் கட்டத் தொடங்கிய கோட்டையை ஆங்கிலேயர் 1807இல் தகர்த்தனர். எஞ்சியது ஒரு வாயில் மட்டுமே. அவ்வாயிலின் மேல் ஒல்லாந்தர் பொறித்த 1670 என்னும் ஆண்டைக் காணலாம். கட்டியவர் ஒருவர், பெயர் பொறித்தவர் வேறொருவர், தகர்த்தவர் மற்றொருவர். மூன்று ஆட்சிகளின் வரலாறும் ஒரு வாயிலில் அடங்கியிருக்கிறது. 1753இல் முடிந்த கிறிஸ்து ஆலயமும் அதன் அருகே ஒல்லாந்தரின் ஆட்சிமனையும் இன்று செந்நிறத்தில் திகழ்கின்றன. ஒல்லாந்தர் காலத்தில் அவை வெண்ணிறமாக இருந்தவை. ஆற்றைக் கடந்து அக்கரை சென்றால், ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் பொற்கொல்லர் தெரு. 1781ஆம் ஆண்டு, ஒல்லாந்தர் அளித்த நிலத்தில், மலாக்காச் செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டி எழுப்பிய பொய்யாத விநாயகர் கோவில் அங்கே உள்ளது. அதே தெருவில் 1748ஆம் ஆண்டு இந்திய முஸ்லிம் வணிகர் நிறுவிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதன் மூவடுக்குக் கூரை மலாய் மரபைக் காட்டும். பள்ளிக் கோபுரமோ சீனப் பகோடாவை நினைவூட்டும். சற்றே நடந்தால் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோவில். மூன்று சமயத்தாரின் வழிபாட்டு ஒலியும் ஒரே காலைப்பொழுதில் ஒரே தெருவில் கேட்கும். 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

சுங்கை ஊடாங்கிலிருந்து இளைஞர் ஒருவர் கேமராவோடு இத்தெருவுக்குப் புறப்படுகிறார் என்று கொள்க. அவருக்குக் கட்டடக் கலை கற்பிக்கும் முதற் பாடம் ஒளியைப் பற்றியது. மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நிலம். நண்பகல் ஒரு மணியளவில் கதிரவன் ஏறத்தாழத் தலைக்கு மேல் நிற்கும். சுவரில் நிழல் விழாது. சிற்பத்தின் குழிவும் மேடும் ஒன்றாகிவிடும். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் வரும் சாய்ந்த வெயிலில்தான் கல் பேசும். இரண்டாம் பாடம் நிற்கும் இடத்தைப் பற்றியது. கோபுரத்தின் அடியில் நின்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், நேர்க்கோடுகள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சரியும். கட்டடம் பின்புறம் விழுவது போலத் தோன்றும். விலகி நிற்க வேண்டும், அல்லது எதிர்மாடிக்கு ஏற வேண்டும். அடக்கமாகச் சற்றுத் தள்ளி நிற்பவருக்கே முழு உருவம் தெரியும் என்பது கட்டடத்துக்கு மட்டும் உரிய உண்மையன்று.

தெருவில் நடந்த செவிலி

டிரைப் எடுத்த படங்களில் மக்கள் அரிதாகவே தென்படுவர். கோவில் இருக்கும்; குடமேந்திய பெண் இருக்க மாட்டாள். நெடுநேரம் ஒளி படவேண்டிய அந்நாளைய முறையில், நடப்பவரின் உருவம் பதியாது போகும். மனிதரின் ஓட்டத்தைப் படம் பிடிக்க வேறு கருவியும் வேறு கண்ணும் வேண்டியிருந்தன.

அத்தகைய கண்ணைப் பெற்றிருந்தவர் விவியன் மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1926இல் பிறந்த அவர், சிகாகோ நகரில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியாகப் பல்லாண்டு பணிபுரிந்தார். கழுத்தில் ஒரு ரோலிபிளெக்ஸ் கேமராவை மாட்டிக்கொண்டு, ஓய்வு கிடைத்த போதெல்லாம் தெருக்களில் நடந்தார். அக்கேமராவைக் கண்ணருகே உயர்த்த வேண்டியதில்லை. வயிற்றளவில் வைத்து, மேலிருந்து குனிந்து பார்த்தே படம் எடுக்கலாம். எதிரில் இருப்பவர் அஞ்சுவதில்லை. நடைபாதையில் உறங்குவோர், செய்தித்தாள் விற்போர், அழும் குழந்தை, கடைக் கண்ணாடியில் தெரியும் தம் சொந்த நிழல் என்று நூறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அவர் எடுத்தார். அவற்றை எவருக்கும் காட்டவில்லை. கழுவப்படாத படச்சுருள்களே நூற்றுக்கணக்கில் கிடந்தன. வாடகைக் கிடங்கிற்குப் பணம் கட்ட இயலாத நிலையில், 2007ஆம் ஆண்டு அவர் பெட்டிகள் ஏலம் போயின. வாங்கியவர்கள் அவற்றின் மதிப்பை உணர்ந்து உலகுக்கு அறிவிக்குமுன், 2009ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இவ்வரலாறு இரு வகையாகச் சிந்திக்கத் தூண்டுகிறது. புகழை நாடாத உழைப்பும் உயர்ந்த கலையாகும் என்பது ஒன்று. எவருக்கும் காட்டாத கலை ஓர் ஏலக்காரரின் கையில் ஊசலாடும் என்பது மற்றொன்று. அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போயிருந்தால், ஒரு நகரத்தின் அரை நூற்றாண்டு முகம் அழிந்திருக்கும்.

மலாக்கா நகரின் முகமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், துங்கு அப்துல் ரகுமான் விடுதலை நாளை மக்களுக்கு அறிவித்த பண்டார் ஹீலிர்த் திடலின் பரப்பில் இன்று பேரங்காடி வளாகம் நிற்கிறது. ஒரு காலத்தில் புனித பவுல் குன்றின் அருகே இருந்த கடல், நிலம் தூர்க்கப்பட்டதால் வெகுதொலைவு விலகிச் சென்றுவிட்டது. காஜா பேராங்கில் உள்ள செட்டிகள் குடியிருப்பில், மாவிலைத் தோரணம் தொங்கும் வாயில்களைக் கொண்ட வீடுகளுக்கு அப்பால் உயர்ந்த கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. மலாய் மொழி பேசி, சைவ நெறி வழுவாது, சுல்தான்கள் காலந்தொட்டு வாழும் அம்மக்களின் அன்றாடத்தை, திருவிழா நாளன்று வரும் சுற்றுலாக் கேமராக்கள் காண்பதில்லை. விழா முடிந்த மறுநாள் காலையில் தெருவைப் பெருக்கும் மூதாட்டியைக் காண ஆர்வலர் ஒருவரே வருவார்.

தெருப்படம் எடுப்போர்க்கு ஓர் அறமும் உண்டு. ஏழ்மையை வேடிக்கைப் பொருளாக்கலாகாது. துயருற்றவரின் முகத்தை அவர் இசைவின்றிப் பறிப்பது, அவர் சட்டைப்பையில் கைவிடுவதற்கு ஒப்பாகும். முதலில் வணக்கம் சொல்லிப் பேச வேண்டும். பெயரையும் ஊரையும் கேட்க வேண்டும். பின்னரே கேமராவைத் திறக்க வேண்டும். எடுத்த படத்தின் படி ஒன்றை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவ்வாறு கொடுக்கச் செல்லும் நாளில் கிடைக்கும் இரண்டாம் படமே பெரும்பாலும் நல்ல படமாக அமையும்.

இறால் ஆற்றின் கரையில்

பயணமும் கட்டடமும் நகரமும் கண்ட ஆர்வலர் இறுதியில் தம் ஊருக்குத் திரும்ப வேண்டும். சுங்கை ஊடாங் என்றால் மலாய் மொழியில் இறால் ஆறு. மலாக்கா நகருக்கு வடமேற்கே, கடலோரத்தை ஒட்டிய இவ்வூர் பட்டியலில் இடம்பெற்ற மரபுடைமை நகரமன்று. ஆயினும் இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1950களின் இறுதியில் காமன்வெல்த் படைப்பிரிவுக்காக இங்கே தெரெண்டாக் முகாம் அமைக்கப்பட்டது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் குடும்பங்களோடு வந்து தங்கினர். அவர்களில் பலரிடம் கேமரா இருந்தது. சந்தையையும் மாட்டுவண்டியையும் கோவில் திருவிழாவையும் அவர்கள் எடுத்தனர். முகாம் மலேசியப் படையின் கைக்கு மாறியபின், அவர்கள் தாயகம் திரும்பினர். படங்களும் அவர்களோடு கப்பலேறின. முகாமின் கல்லறையில் துயின்ற ஆஸ்திரேலிய வீரர் பலரின் உடல்களும் 2016ஆம் ஆண்டு தாயகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன.

1960களின் மலாக்கா, சிட்னியிலும் வெலிங்டனிலும் எவரோ ஒருவரின் வீட்டுப் பரணில் வண்ணப்படமாக உறங்குகிறது. அதே காலத்தில் இம்மண்ணில் பால் வெட்டிய தமிழரின் வீட்டிலோ, மாளிகைத் திரையின் முன் நிற்கும் தாத்தாவின் ஒரே படம். பிறர் எடுத்த படங்களில் தமிழர் காட்சியாக நிற்கின்றனர்; தாமே எடுத்திருந்தால் சாட்சியாக நின்றிருப்பர். காட்சிக்கும் சாட்சிக்கும் உள்ள இவ்வேறுபாடு சிறிதன்று. அயலார் திருவிழாவின் காவடியை எடுப்பர். அதனைச் சுமந்தவரின் வேண்டுதலை அறியார். தீமிதியை எடுப்பர், குழி வெட்ட விறகு சேர்த்த முதியவரை எடார்.

மலாயாவின் முதல் வணிகக் கித்தாத் தோட்டம் 1896ஆம் ஆண்டு தான் சே யான் என்பவரால் தொடங்கப் பெற்றது இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில்தான். கித்தாவின் வரலாறு தொடங்கிய மாநிலத்திலேயே கித்தாத் தொழிலாளியின் வரலாறு படமின்றி முடிவது முறையாகுமோ? 1960களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பின் செம்பனை வந்தது. 1994ஆம் ஆண்டு அருகிலேயே பெட்ரோனாஸ் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. இரவில் அதன் ஒளி வானத்தில் தெரிகிறது. மாற்றத்தைப் பழிப்பதில் பயனில்லை. மாறியது எது என்பதைப் பின்வரும் தலைமுறை அறியாமற் போவதே பழிக்கத்தக்கது.

இங்கே தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு பணி காத்திருக்கிறது. முன்பு ஒரு படச்சுருளில் முப்பத்தாறு படங்கள். பெரிய சுருளாயின் பன்னிரண்டே. ஒவ்வொரு படத்துக்கும் பணம் என்பதால் எண்ணி எடுத்தனர். இன்று கைப்பேசி உள்ள மாணவர் ஒவ்வொருவரிடமும் ஏ. கே. செட்டியார் கனவிலும் காணாத கருவி இருக்கிறது. குறை கருவியில் இல்லை, நோக்கத்தில்தான். ஆயிரம் படம் எடுத்து ஒன்றையும் மறுமுறை பாராதிருப்பதைவிட, ஒரு பொருளைத் தேர்ந்து ஓராண்டு தொடர்வது மேல். தம் ஊரில் எஞ்சியுள்ள தோட்டக் கோவில்கள், பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடம், காலைச் சந்தை, முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளரின் கைகள் — இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். முகாம், சிறை, ஆலை போன்ற பாதுகாப்புப் பகுதிகளின் பக்கம் கேமராவைத் திருப்பலாகாது. அது சட்டத்திற்கு மாறு. தோட்ட நிலமாயின் நிருவாகத்தின் இசைவு பெறுதல் வேண்டும்.

எடுத்தபின் எழுத வேண்டும். படத்தில் இருப்பவர் யார், இடம் எது, நாள் எது, அக்கருவியின் பெயர் என்ன என்பன குறிக்கப்பட வேண்டும். பெயரில்லாத படம் முகவரியில்லாத கடிதம். எவரிடமும் போய்ச் சேராது. இங்குதான் தமிழாசிரியரின் துணை தேவைப்படுகிறது. பிரட்டு, மங்கு, காண்டா, ஒட்டுப்பால், தண்டல் என்னும் சொற்கள் அகராதிகளில் எளிதில் கிடைப்பவை அல்ல. அச்சொற்களை வழங்கிய மக்கள் முதுமை எய்திவிட்டனர். படத்தோடு சொல்லும் பதிவானால், ஒரு மொழியின் ஒரு கிளை காக்கப்படும்.

காப்பதிலும் கருத்து வேண்டும். இந்நாட்டின் ஈரக்காற்று படத்துக்குப் பகை. பழைய நெகட்டிவிலும் கேமராக் கண்ணாடியிலும் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு அவற்றை வைப்பது நன்று. கைப்பேசிப் படங்களுக்குப் பூஞ்சை பிடிப்பதில்லை. ஆனால் கைப்பேசி தொலைந்தால் யாவும் தொலையும். இரண்டு இடங்களில் படி வைத்து, சிறந்தவற்றைத் தாளில் அச்சிட்டுப் பள்ளி நூலகத்தில் ஒரு தொகுப்பாக வைத்தால், அவை ஊரின் உடைமையாகும்.

முதற்கண் எண்ணிய அந்தப் பெரியவரிடம் இறுதியாக ஒருமுறை திரும்பலாம். மாளிகைத் திரையின் முன் அவர் நின்றதில் பொய்யும் இல்லை, இழிவும் இல்லை. தம் பிள்ளைகள் தம்மை மதிப்போடு நினைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார், அவ்விருப்பம் புனிதமானது. ஆனால் அவர் வாழ்ந்த லயமும், அவர் கைபட்ட மரமும், விடியலில் அவர் நடந்த பாதையும் அத்திரையினும் மதிப்பு மிக்கவை என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று எவரும் இல்லை. அவர் பேரப்பிள்ளையின் கையில் இன்று கேமரா இருக்கிறது. பாட்டி இன்னும் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். உளியைப் பிடித்த கை இன்னும் அந்தப் பிடியை மறக்கவில்லை. மாலை ஐந்து மணி வெயில் சாய்ந்து அக்கையின் மேல் விழுகிறது. அருகில் சென்று, வணங்கி, பெயர் சொல்லி அழைத்து, அந்தக் கையைப் படம் எடுப்பதற்கு இதுவே தக்க நேரம்.